போணிக்கு வந்தவள்

ஜூலை 19

பெருந்துறை ரோட்டில் பழைய வண்டி விற்கிற சென்னியப்பன் ஒரு களவாணி. முதல் வரியிலேயே இதை எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் மனசு இளகி வேறு மாதிரி எழுதிவிடக் கூடாது.

காலையில் அவருக்குப் பை மாற்றிவிட்டு, இட்லியை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர் பேச்சிமுத்து. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். குடலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்லாம் வயிற்றோரம் ஒட்டிய பையில்தான் இறங்குகிறது. பஸ்ஸில் ஏறினால் நாறும், பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து போவான் என்று இரண்டு வருஷமாக வாசல்படி தாண்டவில்லை. தமிழ்நாட்டில் அவர் பஸ் கொண்டுபோகாத ஊர் இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் பார்த்தது பஸ் ஸ்டாண்டும் டீக்கடையும்தான். "ஒரு ஊரையும் பாக்கலியே வடிவு" என்று எப்போதாவது சொல்லுவார். சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

சென்னியப்பனிடம் இருப்பது சினிமாக்காரர்கள் ஷூட்டிங்குக்கு வைத்திருந்த கேரவன். நீள வேன். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு மேடை, ஏசி, கதவு போட்ட கக்கூஸ். அந்தக் கக்கூஸைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாங்க வந்தவள் மூஞ்சியில் ஆசை தெரிந்தால் விலை ஏறும்.

"எதுக்குங்க்கா வண்டி? சாமி கும்பிடப் போறதுக்குங்களா?" என்றான்.

"வாடகைக்கு விட" என்றேன். வீட்டு விஷயம் எதைப் பற்றியும் வாயே திறக்கவில்லை.

பதினாலு லட்சம் என்றான். நான் ஒன்பது என்றேன். சிரித்தான். "ஏனுங்க்கா, கக்கூஸு மட்டும் போதும்னா ஒம்போதுக்குத் தர்றனுங்க. கழட்டிக் கொண்டு போயிருங்க."

என்ன நக்கல்! ஈரோட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, இந்த ஊர்க்காரர்கள் 'ங்க' போட்டுக்கொண்டே கழுத்தை அறுப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்றால் திட்டுகிறவன் திட்டுகிற மாதிரியே திட்டுவான்.

மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது. பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. "தம்பி, நான் டிரைவர் பொண்டாட்டி. இந்த மீட்டர எந்தக் கடையில திருப்புனீய?" என்று கேட்டேன். மூஞ்சி சுண்டிப்போயிற்று. பதிமூன்றுக்கு இறங்கினான். தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைக் காட்டினேன். அதற்கு ஐந்நூறு ரூபாய் குறைப்பதாகச் சொன்னான். ஐந்நூறு! சொல்லும்போது அழாத குறை.

ஜூலை 20

அவரை எடை பார்த்தேன். ஐம்பத்தொன்று காட்டுகிறது. போன மாசம் ஐம்பத்தாறு. தரை மேடு பள்ளம், மெஷின் சரியாக உட்காரவில்லை.

ஜூலை 22

மறுபடியும் போனேன். ஆடி மாசம் என்பதால் வண்டி எடுக்க ஒரு ஈ காக்கை இல்லை. அதற்காகத்தான் ஆடியில் ஆரம்பித்தேன். ஆவணி பிறந்தால் இவனைப் பிடிக்க முடியாது.

இன்றைக்கு ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். எனக்கு முன்னால் ஒரு ஆள் வந்து பழைய டயர் கேட்டான். பாதி விலைக்குக் கேட்டான். சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிட்டான். ஊதுபத்தி வாசனை கூடப் போகவில்லை, ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேஜைக்குள் போடுகிறான். பிறகு என்னிடம், "போணிங்க்கா. மொத ஆள வெறுங்கையோட அனுப்புனா அன்னைக்குப் பூராவும் ஈ ஓட்டோணும். எங்கப்பாரு காலத்துல இருந்து பழக்கமுங்க" என்றான்.

அடடா, சொல்லிக் கொடுத்துவிட்டாயே ராசா! நாளையிலிருந்து நான்தான் போணி. கடை ஷட்டர் ஏறுவதற்கு முன்னால் போய் நிற்பேன். பத்தரைக்குத் தருகிறாயா, அல்லது நாள் பூராவும் ஈ ஓட்டுகிறாயா?

ஜூலை 23

ஷட்டர் திறந்ததும் நான். பூ வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பினான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "ஏனுங்க்கா இப்புடி வவுத்துல அடிக்கறீங்க?" என்றான். பன்னிரண்டு. அரை மணி நேரத்தில் பதினொன்றே முக்கால். நாளைக்கு முடித்துவிடலாம். வீட்டுக்கு வருகிற வழியில் கால் கிலோ மட்டன் வாங்கினேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். கறி முற்றல்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வண்டி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கட்டில் இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது, தனுஷ்கோடிக்குப் போகலாம், தரங்கம்பாடிக்குப் போகலாம், பஸ் ஸ்டாண்டு பக்கமே போகக் கூடாது என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். ஒத்தி வீட்டுக்கு வைத்திருக்கிற பணமாச்சே என்றார். வாடகை வீட்டிலேயே இருந்தால் குறைந்தா போய்விடுவோம் என்றேன்.  அவர் கடையின் கார்டைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த வண்டி போட்டோவை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசைதான்.

ஜூலை 24

குளித்துவிட்டு வரும்போது இவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வைத்துவிட்டார். ராங் நம்பராம். ராங் நம்பரிடம் இவ்வளவு நேரம் பேச இவர் ஒருத்தரால்தான் முடியும். பொழுது போகவில்லை, பாவம்.

அதில் கிளம்ப நேரமாகிவிட்டது. நான் போவதற்குள் வேறு யாரோ போணி செய்துவிட்டான். சென்னியப்பன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பதினஞ்சுங்க்கா" என்றான்.

"என்னது?"

"வெல ஏறிப்போச்சுங்க."

ஒரே நாளில் மூன்றே கால் லட்சம் ஏற அது என்ன தங்கமா? வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். கடைக்காரர்கள் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். குடிக்காமல் வந்தேன்.

ஜூலை 25

முதல் ஆள் நான். பதினைந்து. வெறுங்கையோடு திரும்பினேன்.

ஜூலை 26

முதல் ஆள் நான். வேறு பார்ட்டி டோக்கன் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். யார் அது என்றேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர் என்றான். வெளியே டீக்கடையில் விசாரித்தேன், அப்படி ஒருத்தரும் வரவில்லை. பொய் சொல்லக்கூடச் சரியாகத் தெரியவில்லை, இவனெல்லாம் வியாபாரி.

ஜூலை 29

பெரிய டாக்டரிடம் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிதான். பார்த்துவிட்டு, "வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க சிஸ்டர். அவருக்குப் பிடிச்சதைச் சாப்பிடக் குடுங்க" என்றார். அடுத்த தேதி எழுதவில்லை. மரியாதை தெரிந்த மனுஷர், வயசான காலத்தில் என்னை அலைய வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

மழைக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். அக்டோபர் வரை தள்ளக் கூடாது.

ஜூலை 30

வேட்டி இடுப்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது. இப்போது வருகிற வேட்டியெல்லாம் தரமே இல்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன்.

ஆகஸ்ட் 2

தினமும் காலையில் போய் நின்று வெறுங்கையோடு திரும்பினதுதான் மிச்சம். போதும், இனிமேல் பேரம் பேசப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அவன் முதலில் சொன்ன பதினாலையே கொடுத்துவிடுகிறேன். ஏமாந்தவள் என்று ஊர் சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 5

பேங்கில் டெபாசிட்டை உடைத்தேன். மேனேஜர் பையன் வட்டி போய்விடும் மேடம் என்றான். போகட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 6

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். 

ஷட்டர் ஏறும்போதே போய்விட்டேன். கற்பூரம் காட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன். மஞ்சள் பையிலிருந்து ஒரு லட்சத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "பதினாலு. நீங்க கேட்ட வெல. இது அட்வான்ஸ். போணியா வச்சுக்கிடுங்க" என்றேன்.

பணத்தைப் பார்த்தான். சாமி படத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பணத்தை என் பக்கம் தள்ளினான்.

"வேண்டாமுங்க்கா. எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

பழைய டயரைப் பாதி விலைக்குக் கொடுத்துப் போணி பண்ணுகிறவன், கேட்ட விலையைக் காலங்காத்தால மேஜையில் வைத்தால் தள்ளிவிடுகிறான்! தள்ளும்போது அவன் கை நடுங்கியது. இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு நடுக்கத்தில் வகை தெரியும். இது கோபத்தில் வருகிற நடுக்கம் இல்லை.

"என்னவே நடக்கு இங்கன?" என்று கத்திவிட்டேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "எந்தப் பய சொல்லி எனக்கு விக்க மாட்டேங்கீரு? வண்டிய எடுத்து எரிக்கப் போறீரா?"

"அக்கா, சத்தம் போடாதீங்க. சொன்னாக் கேளுங்க. இந்தப் பணம் உங்களுக்கு வேணுமுங்க. அந்தப் பை மாத்தறதுக்கு நாளைக்கு ஆள் வெக்கோணும்னாலே எத்தன செலவு..."

அப்படியே நிறுத்திக்கொண்டான். நானும் நின்றுவிட்டேன்.

வயிற்றில் பை இருக்கிற விஷயத்தை நான் அவனிடம் சொல்லவே இல்லை. வாடகைக்கு விடப் போகிறேன் என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் அவனுக்கு அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான் உண்டு. ராங் நம்பர்.

"எங்க வீட்டுக்காரரா?"

நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "சாரு போன்ல அழுதுட்டாருங்க. நானு பொங்கல் பாக்க மாட்டேன், அவ பைத்தியமாட்டக் காச எறைக்கறா, எனக்கப்பறம் அவளுக்கு ஒரு ஊடு வேணும், எக்காரணம் கொண்டும் வித்துப்போடாதீங்கன்னு சொன்னாருங்க. நா என்னங்க பண்ணட்டும்? பத்து நாளா நீங்க வந்து நிக்கறீங்க, வெறுங்கையோட அனுப்பறேன், எனக்கு ஒரு யாவாரம் ஆகலீங்க. எங்கூட்ல எம்பட பொண்டாட்டி தெனமும் திட்டறா."

"பொங்கல் பாக்க மாட்டேன்னு அவரு என்ன டாக்டரா?" என்று கேட்டேன். பணத்தைப் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 7

பேசவில்லை. பை மாற்றினேன். கஞ்சி வைத்தேன். உப்புப் போடவில்லை. குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 8

இன்றும் பேசவில்லை. எனக்கு விஷயம் தெரிந்துபோனது அவருக்கும் புரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிகிறது.

ஆகஸ்ட் 9

சண்டை. பக்கத்து வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது, அந்த அளவுக்குச் சண்டை. அவர் ஆரம்பித்தார்.

"ஏட்டி, நான் போனதுக்கு அப்புறம் அந்த வண்டிய வச்சு என்ன செய்வ? உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"எங்க போறீய? ஆள் தெரியாத கடைக்காரங்கிட்டச் சொல்லி அழுதிருக்கீய. இங்கன ஒருத்தி இருக்காளே, அவகிட்டச் சொல்ல வாய் வரலியோ?"

"உங்கிட்டச் சொன்னா நீ கேப்பியாட்டி? எடை மெஷின் மேல பழி போடுத, வேட்டி மேல பழி போடுத. ஆஸ்பத்திரியில எத்தன பேருக்குக் கண்ண மூடிவிட்டிருப்ப நீ! உனக்குத் தெரியாதா?"

நான் கையிலிருந்த கரண்டியைச் சுவரில் எறிந்தேன். அவர்மேல் எறியவில்லை. பிறகு அது யார் காசு என்று கேட்டேன். பாதி அவர் ரிட்டயர்மெண்டு பணம், பாதி நான் நைட் டூட்டி பார்த்துச் சேர்த்தது. "என் பாதிய நான் கடல்ல போடுவேன், கேரவன்ல போடுவேன். நீங்க யாரு கேக்க?" என்றேன்.

"ஒத்திக்கு ஒரு வீடு பாத்து உன்ன உக்கார வச்சிட்டா எனக்கு நிம்மதிட்டி."

"உங்க நிம்மதிக்கு நான் நாலு செவத்தப் பாத்துக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்கணுமோ? நல்லா இருக்கே நியாயம்! எனக்கு என்ன வேணும்னு இந்த முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவ கேட்டிருக்கீயளா?"

அவர் குனிந்து கரண்டியை எடுத்தார். பிறகு, "என்ன வேணும்?" என்று கேட்டார்.

எனக்கு என்ன வேணும் என்று இங்கே எழுத மாட்டேன். அவரிடமும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 13

எடை நாற்பத்தெட்டு. மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 16

காபி குடித்துக்கொண்டே, "தரங்கம்பாடில டேனிஷ்காரன் கோட்டை கடலுக்குப் பக்கத்துலயா இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாகப்பட்டினம் டிரிப்புல பத்து வருஷம் அந்த வழியா போயிருக்கேன். கோட்டை எந்தப் பக்கம்னு தெரியாது" என்றார்.

பிறகு, "ஆவணி பொறக்கட்டும். நானும் வாரேன். அந்தப் பயகிட்ட உனக்குப் பேரம் பேசத் தெரியல" என்றார்.

எனக்கா தெரியவில்லை? பதினொன்றே முக்காலுக்கு இறக்கினவள் நான். போன் போட்டுப் பதினைந்துக்கு ஏற்றினது யாராம்?

ஆகஸ்ட் 20

ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். சட்டைக்குள் பை தெரியாமல் துண்டைக் குறுக்கே போட்டுக்கொண்டார். டிரைவர் திரும்பிப் பார்க்கிறானா என்று வழி முழுக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் கண்ணைத் தோண்டியிருப்பேன்.

சென்னியப்பன் வாசலுக்கே ஓடி வந்தான். "வாங்க சார், வாங்க" என்று கையைப் பிடித்தான். இவர் வண்டியைச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார், ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். இறங்க மனசில்லை. அப்படியே உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகப் பேரம் பேசினார். நானும் சென்னியப்பனும் கீழே வெயிலில் நின்றோம்.

பத்தரை என்றேன். பன்னிரண்டு என்றான். மீட்டர் திருப்பினதை மறுபடி எடுத்தேன். "அத நான் வாங்கறப்பவே திருப்பித்தானுங்க இருந்துச்சு" என்று சாதித்தான். "வெக்கமா இல்ல உமக்கு?" என்றேன். "ஏனுங்க்கா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டுனதுக்கு எனக்கு நீங்கதான் காசு குடுக்கோணும்" என்றான். கடைசியில் பதினொன்று. தொட்டியை அவன் செலவில் சரிபண்ணித் தருவான். வண்டி ஓட்ட மாசச் சம்பளத்துக்கு ஒரு டிரைவரும் பிடித்துத் தருவான். நியாயமான விலைதான். அவனிடம் சொல்லவில்லை.

அப்போதும் இவர் மேலேயிருந்து, "வண்டி இவளுக்கு என்னத்துக்கு ஆகும், பெறவு?" என்றார். பெறவு என்ற வார்த்தையை மெதுவாகத்தான் சொன்னார்.

சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தான். "அப்புடின்னா ஒண்ணு பண்றனுங்க சார். திருப்பிக் கொண்டாந்து உட்டா இதே பதினொண்ணுக்கு நானே எடுத்துக்கறனுங்க. ஒரு ரூவா கொறைக்க மாட்டேன். ஸ்டாம்ப் பேப்பர்லயே எழுதித் தர்றேன். அக்காளுக்கு ஊட்டுப் பணம் பத்தரமா இருக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?" என்றார் இவர்.

"ஆறு மாசம் போட்டுக்கலாமுங்க."

"போதும்" என்றார் இவர் உடனே.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "போதாது" என்றேன். "யாரக் கேட்டு ரெண்டு பேரும் ஆறு மாசம்னு முடிவு பண்ணுதீய? வண்டி வாங்குதது நான். ரெண்டு வருஷம் போடும்."

 இவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் முடியாது என்பான், ஒரு வருஷம் என்பான், நான் ஒன்றே முக்கால் என்பேன், கடைசியில் ஒன்றரையில் வந்து நிற்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பழைய வண்டி விலை மாசத்துக்கு மாசம் இறங்கும். இரண்டு வருஷம் கழித்து இதே விலைக்கு எடுத்தால் அவன் கடையை மூட வேண்டியதுதான். அது எனக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாதா?

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சீட்டில் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்தான். "செரிங்க்கா. ரெண்டு வருசமே போட்டுக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தான்.

ஒழுகுகிற தொட்டிக்கு ஐந்நூறு ரூபாய் குறைக்க அழுதவன். ஒரு மாசமாக என் உயிரை வாங்கினவன். இரண்டு வருஷத்தை ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டான்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம், பாவி. ஒரு மாசமாவது குறைத்துக் கேட்டிருக்கலாம்.